பேட்டரியை எடைக்குப் போடும் முன் ஆறு செல்லையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் கடலூர், புதுச்சேரி நகரங்களின் பேட்டரிக் கடைகளில் 'பழையதைக் கொடுங்கள், புதியதை எடுத்துச் செல்லுங்கள்' என்ற தட்டிகள் தொங்கத் தொடங்குகின்றன. புயல் வந்து போன பின்னர் அதே கடைகளின் வாசலில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கப்பட்டுக் கிடப்பதையும் பார்க்கிறேன். அந்த அடுக்கில் உள்ளவற்றில் பல இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்யக்கூடியவை என்பதும், அவற்றைச் சோதித்துப் பார்க்காமலேயே எடைக்குப் போட்டுவிடுகிறோம் என்பதும் என் மனத்தை நெடுநாளாக உறுத்தி வருகின்றன. இதைத் தங்கள் நாளிதழின் வழியாக இப்பகுதி மக்களிடமும், பேட்டரிக் கடை வைத்திருப்போரிடமும், இதில் ஏதேனும் செய்யக்கூடிய அரசுத் துறையினரிடமும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணியில் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு தொலைபேசி இணைப்பகத்திலும் பேட்டரி அறை என்று தனியாக ஓர் அறை இருக்கும். ஒவ்வொன்றும் 2 வோல்ட் தரும் 24 செல்கள் வரிசையாக நின்று, மின்வாரியத்தின் மின்சாரம் போனாலும் ஊரின் தொலைபேசிகள் ஓயாதபடி பார்த்துக்கொள்ளும். அவற்றுள் ஒன்றை 'பைலட் செல்' என்று குறித்து வைத்து, அதன் ஒப்படர்த்தியையும் (அதிலுள்ள அமிலம் தண்ணீரைப்போல எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) மின்னழுத்தத்தையும் அன்றாடம் பதிவேட்டில் எழுதுவோம். குறிப்பிட்ட இடைவெளியில் எல்லா செல்களையும் ஒன்று விடாமல் அளப்போம். எந்தச் செல் பின்தங்குகிறது என்பது பதிவேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். பின்தங்கிய செல்லுக்கு மெதுவாகக் கூடுதல் சார்ஜ் கொடுத்து மற்றவற்றுக்கு நிகராகக் கொண்டுவருவோம். இப்படிப் பேணப்பட்ட செல்கள் பத்து ஆண்டுகளைத் தாண்டியும் உழைத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதே ஈயமும் அதே அமிலமும் கொண்ட பேட்டரி நம் வீடுகளில் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே 'செத்துப்போவது' ஏன் என்ற கேள்வி அந்த அனுபவத்திலிருந்து எழுந்ததுதான்.

பேட்டரிக்குள் நடப்பது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும்; அது விளங்கிவிட்டால் மற்றவை எளிது. 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளான்தே உருவாக்கிய ஈய-அமிலப் பேட்டரியின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. நேர்மின் தகட்டில் ஈய டையாக்சைடும் எதிர்மின் தகட்டில் பஞ்சு போன்ற தூய ஈயமும் இருக்க, இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். இதுதான் ஒரு செல்; இத்தகைய 2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்ததே நம் வீட்டு 12 வோல்ட் பேட்டரி. நாம் மின்விசிறியையும் விளக்கையும் ஓட்டும்போது அமிலத்தில் உள்ள சல்பேட் இரு தகடுகளிலும் ஈய சல்பேட்டாகப் படிகிறது. அமிலம் தண்ணீரை நோக்கி நீர்த்துப் போகிறது. சார்ஜ் ஏற்றும்போது அந்தச் சல்பேட் மீண்டும் கரைசலுக்குத் திரும்பி, அமிலம் கனம் பெறுகிறது. ஆகவே அமிலத்தின் ஒப்படர்த்தியை, கடைக்காரர் பேச்சில் சொன்னால் கிராவிட்டியை, ஹைட்ரோமீட்டரால் அளந்தால், தகட்டில் இன்னும் எவ்வளவு சல்பேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்தே கணித்துவிடலாம். நம் நாட்டு வெப்பத்துக்கேற்ப நிரப்பப்படும் இன்வெர்ட்டர் பேட்டரிகளில், முழு சார்ஜில் இது 1.240 அளவில் இருக்கும்; பாதி இறங்கினால் 1.180 அளவுக்கும், முற்றிலும் இறங்கினால் 1.120க்கும் அதற்குக் கீழும் வரும்.

புதிதாகப் படிந்த சல்பேட் நுண்ணிய துகளாக இருக்கும். உடனே சார்ஜ் ஏற்றினால் எளிதில் கரைந்துவிடும். ஆனால் இறங்கிய பேட்டரியை நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ அப்படியே விட்டுவிட்டால், அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கடினமான பெரும் படிகங்களாகிவிடும். அதன் பிறகு சாதாரண சார்ஜ் அவற்றைத் தொடுவதில்லை. மின்னோட்டம் உள்ளே நுழைய இடமில்லாமல் மின்னழுத்தம் மட்டும் விரைவாக ஏறி, ஒரு மணி நேரத்திலேயே இன்வெர்ட்டர் 'ஃபுல்' என்று காட்டும். மின்சாரம் போனால் பத்து நிமிடத்தில் அலறி நின்றுவிடும். பேட்டரி மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டாலோ, பல இன்வெர்ட்டர்கள் அதற்குச் சார்ஜ் கொடுக்கவே மறுத்துவிடுகின்றன. பேட்டரி போய்விட்டது என்று நம்மவர்கள் முடிவுகட்டும் இடம் இதுதான்.

இதை நம் கடற்கரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையில் பெருகி கடலூரின் பல ஊர்களுக்குள் புகுந்தது. இத்தகைய நாள்களில் வீட்டு இன்வெர்ட்டர் முதல் இரவிலேயே முழுவதும் இறங்கிவிடும். பிறகு மின்சாரம் வரும் வரை, அது மூன்று நாளோ பதினைந்து நாளோ, பேட்டரி வெறுமையாகக் காத்திருக்கும். சல்பேட் கெட்டிப்படுவதற்கு இதைவிட வாய்ப்பான காலம் வேறில்லை. புயலுக்குப் பின் பேட்டரிக் கடைகளில் கூட்டம் சேருவதற்கு வெள்ளமும் இடியும் ஒரு காரணம் என்றால், இந்த வெறுமைக் காத்திருப்பு அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். புயல் அடிக்காத ஆண்டிலும் இது நேர்வதுண்டு. பிரான்சில் இருக்கும் பிள்ளைகளிடம் ஆறு மாதம் தங்கிவர வீட்டைப் பூட்டி, மெயினையும் அணைத்துவிட்டுப் புறப்படும் புதுச்சேரிப் பெற்றோர் திரும்பி வரும்போது, யாரும் தொடாத பேட்டரி தானாகவே இறங்கி இதே நிலையில் இருக்கும்.

ஃபெஞ்சலுக்குப் பின் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்மணி ஒருவரின் வீட்டில் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி ஒன்று உண்டு. வாங்கி நான்கு ஆண்டாகியிருந்தது, வாரண்டி முடிந்திருந்தது. பார்க்க வந்த கடைக்காரர் லோடு டெஸ்டரை ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "பிளேட் போச்சும்மா, மாத்திடுங்க" என்று சொல்லி, பழையதைக் கழித்துக்கொண்டு பதினோராயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். "சார், வட்டிக்கு வாங்கித்தான் மாத்தணும், ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று அந்தப் பெண்மணி வந்து நின்றார். மூடிகளைத் திறந்து பார்த்தபோது தண்ணீர் தகட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டேன். எல்லாமே 1.110க்கும் 1.130க்கும் இடையில் நின்றன. ஆறும் ஒன்றுபோல் தாழ்ந்திருந்ததால் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு செல் மட்டும் செத்திருந்தால் அது மற்ற ஐந்திலிருந்து விலகித் தெரிந்திருக்கும். ஆறும் சேர்ந்து தாழ்ந்திருப்பது, பேட்டரி பட்டினி கிடந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி, மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கக்கூடிய தனிச் சார்ஜரில் 3 ஆம்பியர் அளவில் இணைத்து, காற்றோட்டமான திண்ணையில் வைத்தேன். முதல் நாள் முழுதும் ஒப்படர்த்தி அசையவே இல்லை. கைவிட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றும் கட்டம் அதுதான். இரண்டாம் நாள் மாலையில் 1.140ஐத் தாண்டியது. மூன்றாம் நாள் வேகம் பிடித்தது. நான்காம் நாள் எல்லாச் செல்லிலும் சீராகக் குமிழி எழுந்து, மணிக்கொரு முறை எடுத்த மூன்று அளவுகளும் மாறாமல் 1.225இல் நின்றன. இப்படி அடுத்தடுத்து மூன்று அளவுகள் ஒன்றாக இருந்தால்தான் சார்ஜ் நிறைந்தது என்று கொள்ள வேண்டும் என்பது இணைப்பகத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை. பிறகு பேட்டரியை ஒரு முறை நிதானமாகப் பயன்படுத்தி இறக்கி, மறுபடி அதே போல் ஏற்றினேன். செலவு, மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு யூனிட் மின்சாரமும் இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டரும். புதிதாக வாங்கியபோது ஐந்து மணி நேரம் ஓட்டிய பேட்டரி இப்போது மூன்றரை மணி நேரம் ஓட்டுகிறது. முழுவதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தையல் இயந்திரமும் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் மட்டும் உள்ள அந்த வீட்டுக்கு மூன்றரை மணி நேரம் போதும், கடனும் மிச்சம்.

லோடு டெஸ்டரைப் பற்றி ஒரு சொல். அது பெரும் மின்னோட்டத்தை ஒரு கணம் இழுத்து, பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கும் கருவி. சல்பேட் படிந்த பேட்டரியும் விழும், செல் செத்த பேட்டரியும் விழும். இரண்டையும் அது பிரித்துச் சொல்லாது. பிரித்துச் சொல்வது ஹைட்ரோமீட்டர்தான். முந்நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்க்காமல் பத்தாயிரத்துக்கு மேல் செலவு செய்யச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லாப் பேட்டரியும் மீளும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மீளாதவற்றை மீட்க முயல்வது பணத்தையும் நாளையும் வீணாக்கும். சில வேளை உயிருக்கும் கேடு. தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர் படகில் விளக்குக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும் வைத்திருந்த பேட்டரியைக் கொண்டுவந்தார். ஐந்து செல்கள் 1.220இல் இருந்தன, ஒரு செல் மட்டும் 1.080. எத்தனை மணி நேரம் சார்ஜில் வைத்தாலும் அந்தச் செல்லில் குமிழி எழவில்லை. தகட்டிலிருந்து உதிர்ந்த பொடி அடியில் சேர்ந்து நேர், எதிர்த் தகடுகளை இணைத்துவிட்டிருந்தது. அவரிடம் அன்றே சொல்லிவிட்டேன்: நடுக்கடலில் இதை நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள் என்று. ஒரு செல்லுக்கும் மற்றவற்றுக்கும் 0.050 அளவுக்கு வேறுபாடு இருந்து, நீண்ட சார்ஜுக்குப் பிறகும் அது குறையவில்லை என்றால் அந்தப் பேட்டரியின் காலம் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சும்போது அமிலம் பழுப்பாகவோ கறுப்பாகவோ கலங்கி வந்தால் நேர்மின் தகட்டின் பொருள் உதிர்கிறது என்று பொருள்; உதிர்ந்ததை எந்த மின்னோட்டமும் திரும்ப ஒட்டாது. பெட்டி உப்பியிருந்தாலும், உள்ளே உள்ள ஈயச் சட்டம் அரித்துப் போயிருந்தாலும் அப்படியே. வெள்ளத்தில் மூழ்கி மூடித் துளை வழியே சேற்று நீர் புகுந்த பேட்டரியையும் வீட்டில் வைத்துச் சார்ஜ் செய்து பார்க்க வேண்டாம். மூடி திறக்க முடியாத, பராமரிப்புத் தேவையில்லை என்று விற்கப்படும் அடைத்த பேட்டரிகளைக் கத்தியால் நெம்பித் திறந்து தண்ணீர் ஊற்றும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அவற்றின் அமைப்பே வேறு, அந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீரைப் பற்றியும் அமிலத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் பேட்டரிகள் கெடுவதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒப்படர்த்தி குறைவாக இருக்கிறது என்று பார்த்தவுடன் 'ஆசிட் குறைஞ்சு போச்சு' என்று சொல்லி மேலும் அமிலம் ஊற்றுவோர் உண்டு. அமிலம் எங்கும் போகவில்லை. சல்பேட்டாகத் தகட்டில் அமர்ந்திருக்கிறது. பேட்டரி கவிழ்ந்து சிந்தினால் தவிர அமிலம் குறைவதற்கு வழியில்லை. ஆவியாகவும் குமிழியாகவும் போவது தண்ணீர் மட்டுமே. இப்போது அமிலத்தை ஊற்றிவிட்டு, பிறகு சார்ஜில் அந்தச் சல்பேட்டும் கரைசலுக்குத் திரும்பினால், அமிலம் அளவுக்கு மீறிக் கனத்து ஈயச் சட்டங்களைத் தின்னத் தொடங்கும். அதுபோலவே, சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால், முன்னதாகத் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு, முழு அளவுக்கு நிரப்புவதைச் சார்ஜ் முடிந்த பின் செய்ய வேண்டும்.

ஊற்றும் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராகவே இருக்க வேண்டும். கடலை ஒட்டிய நம் பகுதியில் நிலத்தடி நீர் உப்பேறியது என்பதை வீட்டுக் குழாயின் வாயில் படியும் வெண்மையே சொல்லும். அந்த உப்பில் உள்ள குளோரைடு பேட்டரித் தகட்டுக்குப் பகை. குடிப்பதற்கு நல்லதாக இருக்கும் ஆர்.ஓ. தண்ணீரிலும் கரைந்த உப்பு கொஞ்சம் எஞ்சியிருக்கும். பேட்டரியில் தண்ணீர் மட்டும் வெளியேறி உப்பு உள்ளேயே தங்குவதால், ஆண்டுக்கணக்கில் ஊற்ற ஊற்ற அது சேர்ந்துகொண்டே போகும். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுவோரும் இருக்கிறார்கள். தூசியும் குழாயின் உலோகமும் கழுவி வரும் நீர் அது. லிட்டர் இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைப்பதை மிச்சம் பிடிக்கப் போய்ப் பேட்டரியை இழக்க வேண்டாம்.

பேட்டரிக்குப் புத்துயிர் தரும் என்று விற்கப்படும் பொடிகளையும் திரவங்களையும் பற்றி என்னிடம் பலர் கேட்கிறார்கள். இதில் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1940களின் இறுதியில் ஏடி-எக்ஸ்2 என்ற பொடி இப்படித்தான் விற்பனைக்கு வந்தது; அதில் இருந்தவை பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும், அதாவது பேதிக்குக் கொடுக்கும் உப்பும் அதன் உறவும். அந்நாட்டின் தேசிய தரநிர்ணய நிறுவனம் சோதித்துப் பார்த்து, இதனால் பயனில்லை என்று சொன்னது. அதற்காக 1953இல் அந்த நிறுவனத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டின் பதவி விலகுமாறு வணிகத் துறை அமைச்சரால் வற்புறுத்தப்பட்டார். அறிவியலாளர்கள் திரண்டு எதிர்த்த பின் அவர் பதவியில் நிலைத்தார். தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழுவும் நிறுவனத்தின் சோதனை முறையே சரி என்றது. எழுபது ஆண்டு கடந்தும் அதே உப்பு வேறு வேறு புட்டிகளில் விற்பனையாகிறது. வேறு சிலர் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றச் சொல்கிறார்கள். அது ஈய சல்பேட்டைக் கரைக்கும் என்பது உண்மை, ஆனால் கரைந்த ஈயத்தோடு வெளியே கொட்டப்படும் அந்த நீர் யாருடைய கிணற்றில் சேரும்? மின்துடிப்பு அனுப்பிச் சல்பேட்டை நீக்குவதாகச் சொல்லும் கருவிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். அவற்றால் சிறிது பயன் இருக்கலாம். ஆனால் என் கைக்குக் கிடைத்த பலனில் பெரும்பகுதி மெதுவான, நீண்ட சார்ஜாலேயே கிடைத்தது.

இதைக் குடும்பச் செலவுக் கணக்காக மட்டும் நான் பார்க்கவில்லை. 150 ஆம்பியர் மணிப் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதில் பாதிக்கும் மேல் ஈயமும் அதன் சேர்மங்களும். உரிமம் பெற்ற உருக்காலைக்கு முறையாகச் சென்றால் அந்த ஈயம் மீண்டும் பேட்டரியாகும். உலகில் மிகுதியாக மறுசுழற்சி செய்யப்படும் பொருள்களில் பேட்டரி ஈயமும் ஒன்று. ஆனால் காயலான் கடையிலிருந்து ஏதோ ஒரு கொல்லைப்புறத்துக்குச் சென்று, சம்மட்டியால் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, திறந்த அடுப்பில் ஈயம் உருக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரின் புறநகரான தியாரோயே-சுர்-மேர் சாட்சி. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கு 18 குழந்தைகள் இறந்தனர். பழைய பேட்டரிகளை உடைத்த மண்ணிலிருந்து பரவிய ஈயமே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதுவும் நம்முடையதைப் போன்ற ஒரு கடலோரக் குடியிருப்புதான். யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளுக்கு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டு, பழைய பேட்டரிகளை முறையின்றி உடைப்பதை முக்கியக் காரணமாகச் சுட்டியது. ஈயத்தில் இவ்வளவு வரை கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலை. காற்றுக்காகவும் நீருக்காகவும் சிப்காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் எத்தனை ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள் என்பதை அறிந்த கடலூர்க்காரருக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேட்டரி நான்கு ஆண்டுக்குப் பதில் ஏழு ஆண்டு உழைத்தால், அது உடைபடும் முறை அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது.

சட்டமும் இதற்கு எதிராக இல்லை. 2001ஆம் ஆண்டின் பேட்டரி விதிகளுக்கு மாற்றாக 2022 ஆகஸ்டில் நடுவண் அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளர்மீது பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைச் சுமத்துவதோடு, மறுசுழற்சி செய்வோரைப் போலவே பேட்டரிகளைப் புதுப்பிப்போரையும் தனியே அடையாளம் கண்டு, மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலோ குழுமத்திலோ பதிவு செய்துகொள்ள வழி வகுக்கின்றன. ஆயினும் ஒரு சிறு பட்டறை வைத்துச் சார்ஜ் போட்டுத் தரும் மெக்கானிக் எவரும் இந்தப் பதிவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஊருக்கு ஊர் 'பேட்டரி சார்ஜ் செய்யப்படும்' என்ற பலகையோடு கடைகள் இருந்தன. லாரிக்காரரும் ரேடியோ செட்காரரும் பேட்டரியை இரவில் விட்டுக் காலையில் எடுத்துப் போவார்கள். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விடும் முன் ஏதேனும் செய்ய வேண்டும்.

கடைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நான்கு நாள் சார்ஜில் வைக்க இடம் வேண்டும், ஆள் வேண்டும். அதற்கு வாடிக்கையாளர் முந்நூறு ரூபாய் தரத் தயங்குவார், மீளவில்லை என்றால் சண்டைக்கு வருவார். புதியதை விற்றால் அரை மணியில் வேலை முடிந்து இலாபமும் கிடைக்கும். ஆகவே அவர்களைக் குறை சொல்லி முடித்துவிட நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பேட்டரியை மாற்றச் சொல்லும் எந்தக் கடையும், ஆறு செல்லின் ஒப்படர்த்தியையும் தனித்தனியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். ஆறு எண்கள்தான். அந்தச் சீட்டு கையில் இருந்தால், ஐந்து ஒரு பக்கமும் ஒன்று ஒரு பக்கமும் நிற்கிறதா, ஆறும் ஒன்றாகத் தாழ்ந்திருக்கிறதா என்பதை எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். வாரண்டி முடியாத பேட்டரியாக இருந்தால், எதையும் செய்வதற்கு முன் அந்தச் சீட்டோடு வாரண்டியைக் கோரட்டும்.

அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர், மோட்டார் மெக்கானிக் பிரிவுகளில் பேட்டரி சார்ஜர் ஏற்கெனவே பாடத்துக்காக இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரிலும், புயல் வந்து போனால் அதற்கு அடுத்த மாதத்திலும், பொதுமக்கள் கொண்டுவரும் பேட்டரிகளைக் குறைந்த கட்டணத்தில் அளந்து, மீளக்கூடியவற்றை மெதுவாகச் சார்ஜ் போட்டுக் கொடுக்கும் மேசை ஒன்றை அங்கு திறக்கலாம். மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த செய்முறைப் பாடம் கிடையாது. மீளாதவற்றை அங்கேயே வாங்கி, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் சேர்க்கவும் முடியும். தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியமும் புதுச்சேரி மாசு கட்டுப்பாட்டுக் குழுமமும், பழைய பேட்டரியை யாரிடம் கொடுக்கலாம் என்ற பட்டியலை நகராட்சி அலுவலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் தமிழில் ஒட்டி வைக்கட்டும். சிறு பட்டறைக்காரர்கள் புதுப்பிப்போராகப் பதிவு செய்ய வழிகாட்டும் முகாம் ஒன்றையும் நடத்தட்டும்.

மாவட்ட நிர்வாகம் புயலுக்கு முன் வெளியிடும் முன்னெச்சரிக்கை அறிவிப்பில், மெழுகுவத்தியும் குடிநீரும் சேர்த்துவைக்கச் சொல்லும் வரிகளோடு இன்னும் இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டுகிறேன். புயலுக்கு முன்பே பேட்டரியின் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து முழுவதும் சார்ஜ் ஏற்றி வையுங்கள். மின்சாரம் போன பின் இன்வெர்ட்டர் தானாக நிற்கும் வரை ஓட்டாமல் பாதியிலேயே அணைத்து வையுங்கள். பாதி சார்ஜோடு காத்திருக்கும் பேட்டரி, வெறுமையாகக் காத்திருக்கும் பேட்டரியைவிட நெடுநாள் தாங்கும். மின்சாரம் திரும்பியதும் முதல் வேலையாகப் பேட்டரி முழுச் சார்ஜ் பெறட்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. சார்ஜின்போது எழும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருக்கிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். மூடிய அறையில், பூஜை விளக்கு எரியும் இடத்தில், சமையலறைப் பரணில் பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜரை இணைக்கும்போதும் கழற்றும்போதும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பொட்டலம் ஆப்பச் சோடாவும் இருக்கட்டும், தரையில் அமிலம் சிந்தினால் அதைத் தூவினால் அடங்கிவிடும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டால் சார்ஜை நிறுத்திவிடுங்கள். பேட்டரியை உடைத்துப் பார்ப்பது, அமிலத்தைக் கொட்டி மாற்றுவது ஆகியவற்றை வீட்டில் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

எங்கள் தெருவின் தையல்காரப் பெண்மணியின் பேட்டரியை மாதம் ஒரு முறை அளந்து, அவர் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஆறு எண்களையும் தேதியோடு எழுதி வைக்கிறோம். சென்ற முறை எழுதியது அவருடைய மூத்த மகள். ஆறு செல்லும் 1.220க்கும் 1.225க்கும் இடையில் இருந்தன. மேலே நான் சொன்ன சோதனை மேசையை ஏதேனும் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தொடங்குமானால், என்னிடம் உள்ள ஹைட்ரோமீட்டரையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் ஊதியமின்றி வந்து கற்றுக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன் என்பதைத் தங்கள் நாளிதழ் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.